எல்லா வீடும் ஒரே பக்கம்

எனக்குக் கோடு கோணலாக இருந்தால் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த தப்புக்கெல்லாம் இதுதான் காரணம். சர்வே ஆபீஸில் பதினாறு வருடமாக வரைபடம் வரைகிறேன். சுவரில் காலண்டர் ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமான மூன்றாம் நாளே என் வீட்டுக்காரர் எனக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்துவிட்டார். அவர் பஸ் ஓட்டுகிறவர். வளைவும் நெளிவும் அவருக்குப் பிழைப்பு. “ரோடுன்னா வளையத்தான் செய்யும் ஸ்கேலு” என்பார்.

போன மழைக்காலத்தில் அவருடைய பஸ்ஸில் அடிபட்டு ஒருவர் இறந்துபோனார். ஒன்பதாம் நம்பர் பஸ், ஊரைச் சுற்றிவிட்டு டிப்போவுக்குத் திரும்பும் கடைசித் திருப்பம். பெயின்ட் கடை முனையில் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். காற்று குடையைப் பிடுங்கி ரோட்டில் போட, அதைப் பிடிக்க அவரும் பின்னாலேயே ஓடி வந்துவிட்டார். டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை இவர் பிரிக்கவே இல்லை. “தப்பில்லைன்னா அவர் ஏன் செத்தார்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்கப்புறம் எதையுமே கேட்கவில்லை.

மனுஷர் அப்படியே அடங்கிப்போனார். காலையில் ஜன்னலோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தால், நான் ஆபீஸ் போய்த் திரும்பும்போதும் அதே நாற்காலி, அதே சட்டை. தெருவைக் கடக்க வேண்டுமென்றால் ஓரத்திலேயே நின்றுவிடுவார். நான் கையைப் பிடித்து இழுத்தாலொழிய வரமாட்டார். இருபது வருடம் பஸ்ஸை வளைத்து ஓட்டிய கை, என் கைக்குள் ஈரத்துணி மாதிரி கிடக்கும். எனக்கு அழுகை வரும். எனக்கு அழுகை வந்தால் முதலில் கோபம்தான் வரும். ரோட்டில் போகிற ஸ்கூட்டர்காரரைத் திட்டிவிடுவேன்.

டிப்போவில் ஆறு மாதம் லீவு கொடுத்தார்கள். லீவு முடிந்ததும் ஒரு டிரையல். அதிகாரி பக்கத்தில் உட்கார, இவர் பழைய வழித்தடத்திலேயே பஸ்ஸை ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்ட முடியாவிட்டால் நிரந்தரமாக டயர் ரூம் வேலை. டயர் ரூமில் வேலை செய்தால் யாரும் குறைந்துபோய்விடமாட்டார்கள்தான். ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பஸ் ஓட்டுவது வெறும் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சோபாவில் தூங்கும்போதுகூட வலது கால் லேசாக அழுத்தி எடுக்கும். அந்தக் கால் இப்போது தூக்கத்திலும் அசையவில்லை.

மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே, “கைக்கு ஏதாவது வேலை கொடுங்க. பிடிச்ச வேலையா இருக்கட்டும். மனசு பின்னாலயே வரும்” என்றார். பின்னாலேயே வர மனசு என்ன நாய்க்குட்டியா என்று நான் முணுமுணுத்தேன். ஆனால் பக்கத்தில் இருந்த என் நாத்தனார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனாருக்கு அண்ணன் என்றால் உயிர். வாரத்துக்கு ஒரு பொழுதுபோக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் வாரம் ஆறு பூந்தொட்டி. இவர் நினைப்பு வரும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஆறும் அழுகின. அடுத்து மீன்தொட்டி. மீன்கள் இவரைப் பார்த்தன, இவர் மீன்களைப் பார்த்தார், யாருக்கும் எந்த முன்னேற்றமும் இல்லை. அப்புறம் புல்லாங்குழல். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நான் செய்யும் மரியாதை.

“கம்பளி பின்னலாமா அண்ணி? ஆம்பளைங்ககூட இப்பல்லாம் பின்றாங்க” என்றாள் ஒரு நாள், இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையுமாக வாசலில் நின்றுகொண்டு.

“உங்கண்ணன் கையில ஊசியைக் குடுக்கற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லம்மா. உள்ள வா, டீ குடி” என்றேன்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய வரைபடங்களை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அலமாரித் தட்டில் விரிக்க அதைப் போல ஒன்று கிடையாது. எங்களுக்கு இடைஞ்சலாக உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கட்டைக் கொடுத்து, தட்டுகளில் விரிக்கச் சொன்னேன். டீ குடித்து முடித்த பிறகு உள்ளே எட்டிப் பார்த்தால், தட்டு காலியாக இருக்கிறது. மனுஷர் தரையில் குப்புறப் படுத்திருக்கிறார். தாளின் வெள்ளைப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம் போட்டு, அதற்குள் ‘டிப்போ’ என்று எழுதியிருந்தார். அதிலிருந்து ஒரு ரோடு கிளம்பியிருந்தது.

நாத்தனார் வாயைத் திறக்கப் போனாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

மறுநாள் அந்த ரோட்டோரம் ஒரு நூலகம் வந்தது. அதற்கு மறுநாள் குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு குளம். தாள் போதாமல் போனபோது இன்னொரு தாளை ஒட்டினார். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், “பாலம் கட்டி முடிச்சாச்சு” என்று குரல் வரும். பல மாதம் கேட்காத குரல். நான் அப்படியே போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவேன். சாயங்கால வெயில் தாளின் மேல் சாய்வாக விழும். அவர் விரல் முன்னால் போகும், என் கண் பின்னால் போகும்.

“இந்த ஆறு எங்கேர்ந்து வருது?”

“மேலேர்ந்து.”

“மேலன்னா?”

“தெரியல. அங்க பேப்பர் முடிஞ்சுடுச்சு.”

அந்த ஊரில் மத்தியானமானால் கடையைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கும் ஒரு தையல்காரர் இருந்தார். பத்து நிமிடம் பின்னால் ஓடும் ஒரு மணிக்கூண்டு இருந்தது. ஊரே பத்து நிமிடம் பின்னால் ஓடுவதால் யாருக்கும் அது தெரியாது. காற்றே கிடையாது என்றார்.

“காத்து இல்லாம துணி எப்படிங்க காயும்?”

“மெதுவா காயும். என்ன அவசரம்?”

அவசரம் இல்லைதான். எனக்கும் அந்த ஊர் பிடித்துப்போனது. ஆபீஸில் உட்கார்ந்து யாருடைய மனைக்கோ எல்லை போட்டுக்கொண்டிருப்பேன், மனசு மட்டும் லாடக் குளத்தின் ஓரமாக நடந்துகொண்டிருக்கும். அங்கே சத்தமே இருக்காது. ஒன்பதாம் நம்பர் பஸ் மட்டும் தூரத்தில், தையல்காரரை எழுப்பாமல் மெல்லப் போகும். தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நான் நடப்பது போலிருக்கும். ஒரு நாள் வீடு திரும்பும்போது நிஜத் தெருவில் நின்று மணிக்கூண்டைத் தேடினேன். அதைப் பார்த்துத்தானே இடது பக்கம் திரும்ப வேண்டும்? இங்கே மணிக்கூண்டே கிடையாது என்று ஞாபகம் வர, கொஞ்ச நேரம் பிடித்தது. கிறுக்குப் பிடித்துவிட்டது போல என்று சிரித்துக்கொண்டே நடந்தேன். எனக்குமே அந்த ஆறு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. அந்த ஊரில் எல்லா வீடும், எல்லாக் கடையும் ரோட்டின் ஒரே பக்கத்தில் இருந்தன. எதிர்ப்பக்கம் முழுக்க வெறும் புல்.

“இது என்ன டிசைன்? இன்னொரு பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு?”

“இப்படியே இருக்கட்டும். இதான் வசதி” என்றார்.

எங்கள் வீட்டையும் வரைந்திருந்தார், அதே பக்கத்தில். ஜன்னலோரம் ஒரு நாற்காலிகூட இருந்தது. ஆனால் அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதைப் பார்த்து நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

டிரையலுக்குத் தேதி போட்டுக் கடிதம் வந்தது. இன்னும் மூன்று வாரம். “போறீங்களா?” என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்த ‘பாக்கலாம்’கூட வந்திருக்காது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வேலைதான். அந்த ஊரை நல்ல தாளில், மையில், சுத்தமாக வரைந்து கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். ஒட்டுப் போட்ட தாள்கள் அதற்குள் ஓரமெல்லாம் சுருண்டுபோயிருந்தன.

நாத்தனார் அவரை நடக்கக் கூட்டிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரேசிங் தாளில் எல்லாவற்றையும் நகலெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் ரோடு டிப்போவில் கிளம்பி, நூலகம், குளம், பாலம், மணிக்கூண்டு என்று ஊரையே சுற்றி வருகிறது. ஆனால் டிப்போவுக்கு வந்து சேரவில்லை. கடைசித் திருப்பத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிடுகிறது. நடுவில் ஒரு விரல்கடை வெள்ளைத் தாள்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு இடத்தை அளக்கும்போது ஒரு புள்ளியில் ஆரம்பித்து, சுற்றிலும் அளந்துகொண்டே போய், அதே புள்ளிக்குத் திரும்பி வருவோம். தாளில் போட்டுப் பார்த்தால் கடைசிக் கோடு முதல் புள்ளியில் வந்து முட்டவே முட்டாது. அளக்கிற சங்கிலி கொஞ்சம் தொய்ந்திருக்கும், கண் கொஞ்சம் ஏமாந்திருக்கும். முடிவில் ஒரு இடைவெளி நிற்கும். குளோசிங் எரர் என்போம். அதை யாரும் அழித்துவிட முடியாது. மொத்த இடைவெளியையும் எடுத்து, வழியில் உள்ள எல்லா முனைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிடுவோம். ஒவ்வொரு முனையும் ஒரு மயிரிழை நகரும். சுற்று மூடிக்கொள்ளும்.

சர்வே படிக்காத மனுஷர், கையால் போட்டது, முட்டாமல் போனதில் என்ன ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு வரைந்தேன். மொத்தம் அறுபத்து மூன்று முனை. அத்தனைக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தேன். ரோடு கடைசித் திருப்பத்தைத் தாண்டி, டிப்போ வாசலில் போய் அச்சாக நின்றது. இதுவரை நான் வரைந்ததிலேயே அழகான வரைபடம் அதுதான். பெருமை பிடிபடாமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அவர் முகம் மலர்ந்தது. “அடேயப்பா! ஸ்கேலு, இது நம்ம ஊரா?” என்றார். விரலை டிப்போவில் வைத்தார். நூலகத்தில் நிறுத்தினார். குளத்தோரம் மெதுவாகப் போனார். பாலத்தில் ஏறி இறங்கினார். மணிக்கூண்டு. அதற்கப்புறம் கடைசித் திருப்பம் வந்ததும் விரல் நின்றது. அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்தது.

“இங்க ரோடு கிடையாதே.”

“விட்டுப்போயிருந்துச்சு. நான் சேத்துட்டேன்.”

“விட்டுப்போகல. நான்தான் விட்டேன்.”

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் எழுந்து போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் புரிந்தது. டிப்போவுக்கு முந்தின கடைசித் திருப்பம். பெயின்ட் கடை முனை. வீடெல்லாம் ஏன் ஒரே பக்கம், அந்த ஊரில் ஏன் காற்றே இல்லை, எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் மண்டையில் அடித்தது. யாரும் ரோட்டைக் கடக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு ஊரைக் கட்டியிருக்கிறார். நான் போய் அதன் நடுவில், கோணல் பிடிக்காது என்கிற ஒரே காரணத்துக்காக, அந்த ரோட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நாலு நாள் அவர் பென்சிலைத் தொடவில்லை. பேசவில்லை. அதே சட்டை. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, “என்ன அண்ணி ஆச்சு, நல்லாத்தானே இருந்தாரு” என்றாள். நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டிரையலுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதாவது, கோபம் வந்தது.

“நான் பண்ணது தப்புதாங்க. ஆயிரம் தடவை தப்பு. ஆனா ஒண்ணு கேக்கறேன். ரோடு போடாம விட்டுட்டா அந்த எடம் இல்லாம போயிடுமா? உங்க பஸ் அந்த முனைக்கு முன்னாடியே நின்னுக்கிட்டு இருக்கு. எத்தனை நாளா நிக்குது தெரியுமா? உள்ள நானும் உக்காந்திருக்கேன்!”

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“நீ மூடினியே. அந்த இடைவெளி எங்க போச்சு?”

அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல முடியாது. அது என் தொழில்.

“எங்கயும் போகல. எல்லா முனைக்கும் பிரிச்சுக் குடுத்துட்டேன்.”

“எல்லாத்துக்குமா?”

“அறுபத்து மூணுக்கும். அப்படித்தான் செய்வோம். ஒரே எடத்துல வெச்சா தாங்காது.”

“அப்ப ஒவ்வொரு தெருவும் கொஞ்சம் தப்பா இருக்கா?”

“ஆமா. எந்த ஊரு மேப்பும் அப்படித்தாங்க. நாம இப்ப உக்காந்திருக்கற இந்தத் தெருவும்.”

அவர் எழுந்தார். அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த என் வரைபடத்தைத் தானே எடுத்துத் தரையில் விரித்தார். “நூலகத்துக்கு எவ்ளோ?” என்றார். நான் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினேன். தையல்காரருக்கு எவ்வளவு, மணிக்கூண்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெருத்தெருவாகத் தேடினோம். வெயில் இறங்கி, அறை மங்கி, விளக்கைப் போட்டும் தேடினோம்.

“நம்ம வீட்டுக்கு வந்திருக்கா?”

“வந்திருக்கு.”

“எவ்ளோ?”

“ஒரு மயிரிழை.”

கண்ணாடியை வாங்கி எங்கள் வீட்டின் மேல் வைத்துக் குனிந்தார். அவர் தோள் குலுங்கியது. நான் முதுகில் கை வைத்தேன். அழுகைக்கு நடுவே, முதல் தடவையாக அந்த நாளைப் பற்றிப் பேசினார். இறந்தவருடைய சட்டை நீலம். குடை கறுப்பு. அவர் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை, குடையைத்தான் பார்த்தார்.

“அங்க ஒரு கூரை இருந்திருந்தா, அவர் குடையே விரிச்சிருக்க மாட்டார்” என்றார்.

பென்சிலை எடுத்தார். நான் மையில் போட்ட அந்தக் கடைசித் திருப்பத்தில், ரோட்டோரமாக, நாலு தூணும் ஒரு கூரையும் வரைந்தார். உள்ளே ஒரு பெஞ்சு. தூண் ஒன்று கோணலாக இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரைக்குக் கீழே ‘ஸ்டாப்’ என்று எழுதினார்.

“ஒன்பதாம் நம்பர் இங்க நிக்கும். ஆள் இருந்தாலும் இல்லாட்டியும்.”

“சரிங்க” என்றேன்.

அன்றைக்குச் சோபாவிலேயே தூங்கிப்போனார். போர்த்திவிடப் போனபோது வலது காலைப் பார்த்தேன். லேசாக அழுத்தி எடுத்தது.

டிரையல் நாளன்று காலையில் சட்டையை அவரே தேய்த்துப் போட்டுக்கொண்டார். “வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவரிடம் சொல்லாமல், பெயின்ட் கடை முனைக்குப் போய் நின்றேன். கூரையும் இல்லை, பெஞ்சும் இல்லை. ஒரு மின்கம்பம், ஒரு சாக்கடை மூடி, கடை வாசலில் அடுக்கிய காலி டப்பாக்கள், அவ்வளவுதான். நல்ல வெயில். ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியாமல் கையில் ஒரு குடை. அதை மடக்கி, பட்டனைப் போட்டு, இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பதினொன்றரைக்கு ஒன்பதாம் நம்பர் தூரத்தில் தெரிந்தது. காலி பஸ். மின்கம்பத்துக்குப் பின்னால் நின்ற என்னை அவர் பார்த்திருக்க முடியாது. ஆனால் ரொம்ப முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டுவிட்டார். வேகம் குறைந்தது. பஸ் ஓரம் கட்டி, அந்த முனையில், நான் நின்ற இடத்துக்கு நேராக நின்றது. கதவு திறந்தது.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அதிகாரி தலையை நீட்டினார்.

“என்னப்பா, ஏன் நிறுத்தினே? இங்க ஸ்டாப் கிடையாதே.”

இவருக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் நேராக ரோட்டில். கழுத்தில் வியர்வை ஓடியது.

“ஸ்டாப்தான் சார்” என்றேன் நான், படியில் கால் வைத்து.

“யாரும்மா நீங்க? யார் சொன்னா ஸ்டாப்னு?”

“மேப்ல இருக்கு சார். நான் சர்வே ஆபீஸ்.”

அதிகாரி என்னைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். அவருக்கும் அந்த முனையைத் தெரியும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மடியிலிருந்த தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

நான் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். அப்புறமும் அவர் கதவை மூடவில்லை. கண்ணாடி வழியாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு ஆள் ஏறுவதற்கு எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு மூடிவிட்டு, பஸ்ஸை எடுத்தார்.